ஜக்கெட் போட்ட மாடு

நண்டு ஒன்று குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றது. பக்கத்துத் தாளில் சாக்குக் கணவாய் ஒன்று எட்டுக் கையாலும் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. அதற்கடுத்த தாளில் ஒரு பனைமரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கேயோ அவசரமாகப் போனது.

நான் அந்த மேசைக்கு முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். பிள்ளைகள், போன கிழமை கிணறு இறைத்த கதையில் நான் பொறுமையான ஆள் என்று எழுதியிருந்தேன். அதை வெட்டிவிடுங்கள்.

அது யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மண்டபம். யேசு பிறந்த நத்தார்ப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருந்தது. ஓவியம் படிக்கும் பிள்ளைகள் சிலர், தாங்கள் பலகையில் செதுக்கி மை பூசித் தாளில் அழுத்தி எடுத்த படங்களையும் வாழ்த்து அட்டைகளையும் பரப்பி வைத்து விற்றார்கள். எல்லாம் கோணங்கிப் படங்கள். வந்தவர்கள் ஒவ்வொரு மேசையிலும் நின்று சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டபத்துச் சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நெடுந்தீவு ஆள். பஸ்ஸைத் தவறவிட்டால் குறிகட்டுவானில் பின்னேரப் படகு போய்விடும். படகு போனால் கடலை நடந்து கடக்க ஏலாது.

ஆனால் படம் வாங்காமல் வீட்டுக்குப் போகவும் ஏலாது.

ஏன் படம்?

என் மனைவி ரெஜினாவுக்கு ஒரே ஒரு அண்ணன். பெயர் சூசைப்பிள்ளை. என் மகள் டிலக்சிக்குச் சூசை மாமா. எங்கள் வளவிலிருந்து அவர் வளவுக்கு நடந்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற தூரம். இரண்டு வருடமாக அந்தத் தூரத்தை ரெஜினா நடக்கவில்லை. இரண்டு நத்தார் அண்ணனும் தங்கையும் ஒரே கோவிலில் பூசை கண்டுவிட்டு, வேறு வேறு ஒழுங்கையால் வீட்டுக்குப் போனார்கள்.

காரணம் ஒரு நாகு. நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளம் பசு. அந்த நாகு என்னுடையது என்று நான் சொன்னேன். தன்னுடையது என்று சூசை மச்சான் சொன்னார். அது என் பட்டியில் நின்றது.

மூன்றாவது நத்தார் வரப்போகிறது என்றதும் ரெஜினா மாக்குழைத்துக்கொண்டே சொன்னாள், இந்த முறை தனக்குப் புதுச் சீலை வேண்டாம் என்று. ஏன் என்று கேட்டேன். "ஆரின்ர வீட்டுக்கு உடுத்துக்கொண்டு போறது?" என்றாள். குழைத்த மாவைப் பலகையில் அடித்த சத்தம் மட்டும் கேட்டது.

அதனால்தான் நத்தார்ப் பரிசு ஒன்று அனுப்பிப் பார்ப்போம் என்று நினைத்தேன். என்ன அனுப்புவது? கேக் அனுப்பினால் அவர்கள் சாப்பிட வேண்டும். கோபத்தில் இருக்கிறவனுக்குத் தொண்டையால் இறங்காது. உடுப்பு அனுப்பினால் அவர்களும் திருப்பி ஏதாவது அனுப்ப வேண்டும். டிலக்சிதான் வழி சொன்னாள். மாமா முந்திப் போலச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் வாங்குங்கோ அப்பா, பட்டினத்தில் விற்கிறார்களாம் என்று ரீச்சர் சொன்னவ என்றாள்.

படம் நல்ல யோசனை. அதைச் சாப்பிடவும் வேண்டாம், உடுத்தவும் வேண்டாம். ஆணியில் கொழுவினால் போதும்.

சூசை மச்சானின் சிரிப்பை நீங்கள் கேட்டதில்லை. முதலில் தோள் குலுங்கும். சத்தம் பிறகுதான் வரும். எங்கள் கலியாணத்தில் சுவாமியார் என் பெயரை மாறிச் சொல்ல, கோவிலுக்குள்ளேயே அவர் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது.

ஊரைச் சுற்றிய குருவி

வாழ்த்து அட்டை என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறேன்.

நான் உங்கள் வயதில் இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து அட்டை வந்த வீடுகள் எங்கள் குறிச்சியில் இரண்டோ மூன்றோ. நத்தார் முடிந்ததும் எழுத்து இருக்கிற பாதியைக் கத்தரித்து எடுத்துவிடுவார்கள். படம் இருக்கிற பாதியை அலுமாரிக்குள் வைப்பார்கள். அடுத்த வருடம் அதன் முதுகில் வாழ்த்து எழுதி இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பார்கள். அந்த வீட்டார் அதற்கடுத்த வருடம் எழுத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, வேறொரு வீட்டுக்கு.

சிவப்பு நெஞ்சுக் குருவி ஒன்று இருந்த அட்டை அப்படிச் சுற்றிச் சுற்றி, ஆறு ஏழு வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. முதுகு பலகை மாதிரித் தடித்திருந்தது. ஐயா, அதாவது என் அப்பா, அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிக் கதவுக்கு அண்டை குடுக்கலாம்" என்றார். ஆனாலும் கம்பியில் தொங்கவிட்டார். எங்களுக்கு அந்தக் காலத்தில் அட்டையைத் தெரிவு செய்கிற வேலை இருக்கவில்லை. கைக்கு வந்ததுதான் அட்டை.

தெரிவு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மேசைக்கு முன்னால்தான் தெரிந்தது.

நண்டை எடுத்தேன். நண்டு கவ்வினால் விடாது. என்னைத்தான் சொல்கிறான் என்று மச்சான் நினைத்தால்? வைத்துவிட்டேன். கணவாயை எடுத்தேன். எட்டுக் கை, எதையும் வளைத்துப் பிடிக்கும். அதையும் வைத்துவிட்டேன். பனைமரம் பரவாயில்லை. ஆனால் அது எங்கள் கோவில் மூப்பரைப் போலவே நடந்தது.

மேசைக்குப் பின்னால் நின்ற பிள்ளை, இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், என்னைக் கவனித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அண்ணை, ஆருக்குக் குடுக்கப் போறியள்?"

"மச்சானுக்கு."

"அவர் எப்பிடியான ஆள்?"

"சிரிக்கிற ஆள்" என்றேன். பிறகு, "இப்ப சிரிக்கிறேல்லை" என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

அவள் குனிந்து கீழே பெட்டிக்குள் இருந்து ஒரு படத்தை எடுத்தாள். எங்கள் படகின் உள்பக்கம். வாங்குப் பலகையில் இரண்டு பேர் வாயைத் திறந்தபடி நித்திரை. இருவருக்கும் நடுவே ஒரு மாடு குந்தியிருக்கிறது. கடலில் விழுந்தால் மிதப்பதற்குப் படகில் எங்களுக்குத் தருகிற அதே செம்மஞ்சள் ஜக்கெட் அதற்கும் போட்டிருக்கிறது. வார் கழுத்துக்குக் கீழே இறுகிப்போய் நிற்கிறது. வாயில் படகுக்கு எடுத்த ரிக்கற். பின்பக்கம் வாங்கில் கொள்ளாமல் வழிகிறது. முகத்தைப் பார்த்தால், அலை அடிக்கும்போது வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருமோ வராதோ என்று யோசிக்கிற ஆளின் முகம்.

நான் சிரித்துவிட்டேன். மண்டபத்துக்குள் வந்து முதல் தரம்.

தான் நெடுந்தீவில் ஒரு கிழமை தங்கிப் படம் கீறியதாக அந்தப் பிள்ளை சொன்னாள். இந்த மாடு துறையடியில் படுத்திருந்ததாம். அதையே பார்த்துக் கீறினாளாம்.

"நல்ல மாடு" என்றேன்.

நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மை பிசகியிருக்கிறதா, தாள் மடிந்திருக்கிறதா என்று பார்த்தேன். கோபப்படுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. கூடவே படமில்லாத சின்ன அட்டை ஒன்றும் எடுத்தேன். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் புங்குடுதீவு வரும்வரை அதில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தினவனுக்கு வசனம் எங்கே வரும்? கடைசியில், "நத்தார் வாழ்த்துக்கள். ரெஜினா குடும்பம்" என்று மட்டும் எழுதினேன். என் பெயரைப் போட மனம் வரவில்லை.

சிரிப்பு நின்ற இடம்

அடுத்த நாள் பின்னேரம் டிலக்சி படத்தைக் கொண்டுபோனாள். ரெஜினா குசினி வாசலில் நின்றாள். நான் பட்டிக்குள் போனேன், வந்தேன், கல்வேலியிலிருந்து விழுந்த கல்லை எடுத்து வைத்தேன், வைத்த கல்லைத் திரும்ப எடுத்தேன்.

டிலக்சி திரும்பி வந்தபோது படமும் கையில் இருந்தது. அதே தாளில், போன மடிப்பிலேயே திரும்பச் சுற்றியிருந்தது.

"முதல் சிரிச்சவர் அப்பா" என்றாள். "தோளெல்லாம் குலுங்கினது. பிறகு கிட்ட வைச்சுப் பாத்தவர். பிறகு சிரிக்கேல்லை."

"என்ன சொன்னவர்?"

அவள் தாயைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உன்ர அப்பரிட்டைக் குடு. தன்ர மாட்டைத் தானே வைச்சிருக்கச் சொல்லு எண்டவர்."

எனக்கு விளங்கவில்லை. படத்தைப் பிரித்துக் கதிரையில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஜக்கெட்டைப் பார்த்தேன். ரிக்கற்றைப் பார்த்தேன். நித்திரை கொள்கிறவர்களில் யாராவது மச்சானைப் போல இருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை.

ரெஜினா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு தரம்தான் பார்த்தாள். மாட்டின் பின்தொடையில் விரலை வைத்தாள்.

தூண்டில் போல வளைந்த ஒரு கோடு. அதன் கீழே இரண்டு புள்ளி.

என் குறி.

குறி

எங்கள் தீவில் மாடுகள் தரவையில், அதாவது திறந்த புல்வெளியில், கூட்டமாக மேயும். பத்து வீட்டு மாடு கலந்து நிற்கும். எது யாருடையது என்று காட்டுவதற்குத் தொடையில் குறி சுடுவார்கள். வீட்டுக்கு ஒரு குறி. இரும்புக் கம்பியைச் சிரட்டைத் தணலில் பழுக்க வைத்துக் கீறுவது. நோகும். நோகாது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். சுட்ட குறி மாடு சாகும்வரை அழியாது. வழக்கு என்று வந்தால் குறி யாருடையதோ மாடும் அவருடையது. அதற்கு மேல் பேச்சில்லை.

ஐயா காலத்திலிருந்து எங்கள் குறி அந்தத் தூண்டில்தான். பிறந்ததிலிருந்து நான் பார்க்கிற மாட்டிலெல்லாம் அது இருக்கும். மாடு என்றால் எனக்கு நாலு கால், இரண்டு கொம்பு, ஒரு தூண்டில். மண்டபத்தில் அவ்வளவு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தும் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. ரெஜினா வட்டத்துக்குள் சிலுவை போட்ட குறி வீட்டில் பிறந்தவள். அவளுக்கு உடனே தெரிந்தது. அவள் அண்ணனுக்கும் தெரிந்தது.

மாட்டுக்காகக் கோபித்துக்கொண்டிருக்கிற மனுசனுக்கு, என் குறி போட்ட மாட்டையே படமாக வாங்கி அனுப்பியிருக்கிறேன். அதுவும் வாழ்த்தோடு.

மூன்று நாள்

டிலக்சி உடனே வழி கண்டுபிடித்தாள். அவளிடம் மினுங்குகிற நட்சத்திர ஒட்டிகள் இருந்தன. குறியின் மேல் ஒன்றை ஒட்டிவிட்டால் சரி என்றாள். ஒட்டியும் பார்த்தாள். இப்போது மாட்டின் தொடையில் நட்சத்திரம் மினுங்கியது. முன்பைவிட அந்த இடம்தான் கண்ணில் பட்டது.

தெரியாமல் நடந்த பிழை என்று போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒழுங்கை திரும்புகிற முடக்கு வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன். மத்தியானம் மறுபடி போனேன். அடுத்த நாள் காலையும் போனேன். முடக்கில் இருந்த நாய் முதல் நாள் குரைத்தது. மூன்றாம் நாள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

பிள்ளைகள், நான் ஏன் முடக்கோடு திரும்பினேன் என்பதை இப்போது எழுதவேண்டும். என் மகளும் இதை வாசிப்பாள். அவளுக்கு இது தெரியாது. இரண்டு வருடமாக அப்பாவின் மாட்டை மாமா கேட்டுச் சண்டை பிடிக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தரவை காய்ந்து வெடித்த வருடம் அது. எங்கள் பட்டியில் இரண்டு பசுக்கள் செத்துவிட்டன. ஒரு நாள் கிணற்றடிக் கல்தொட்டியில் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றேன். குறி இல்லாத ஒரு கன்று, கழுத்தில் வெள்ளைத் திட்டு, என் மாடுகளோடு சேர்ந்து குடித்தது. குறி இல்லாத கன்று யாருடையதாகவும் இருக்கலாம். என்னுடையதாகவும் இருக்கலாம்.

குடித்து முடித்ததும் அது நேரே நடந்துபோய், தள்ளி நின்ற ஒரு சிவப்புப் பசுவின் வயிற்றுக்குக் கீழே தலையை விட்டது. பசு திரும்பி அதன் முதுகை நக்கியது. அந்தப் பசுவின் தொடையில் வட்டத்துக்குள் சிலுவை இருந்தது.

நான் கண்டேன். சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பின்னேரமே கம்பியைத் தணலில் வைத்தேன்.

இரண்டு கிழமையால் சூசை மச்சான் வந்து கேட்டபோது, "குறியைப் பாருங்கோ" என்றேன். அந்த ஒரு சொல்லோடு அவர் எழும்பிப் போனார். அதுவரை என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர், அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் 'நீர்' என்றார்.

அந்தக் கன்றுதான் இப்போது நாகு; வயிற்றில் ஆறு மாதம்.

சமாதானம்

நத்தார் காலைப் பூசை. கோவில் நிறைந்து வாசல்வரை சனம். சூசை மச்சான் எனக்கு முன் வாங்கில் நின்றார். பிடரியில் புதிதாக மயிர் வெட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிரசங்கத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

நடுவில் ஒரு கட்டம் வரும். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் திரும்பிக் கும்பிட்டுச் சமாதானம் சொல்லவேண்டும். மச்சான் இடது பக்கம் திரும்பிக் கும்பிட்டார். வலது பக்கம் திரும்பினார். பிறகு பின்னால் திரும்பினார். நான் கையைக் கூப்பி வைத்திருந்தேன். அவர் கையும் கூப்பித்தான் இருந்தது. என் முகத்தைக் கண்டதும் அந்தக் கை மெல்ல இறங்கியது. முன்பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ரெஜினா இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைத்தான் என்னால் பார்க்க ஏலாமல் போனது.

பூசை முடியமுன் வெளியே வந்தேன். நேரே பட்டிக்குப் போனேன். போட்டிருந்த புதுச் சேட்டோடு.

கயிறு

வெள்ளைத் திட்டு நாகுவின் கழுத்தில் கயிற்றைப் போட்டு ஒழுங்கையில் இறங்கினேன். நத்தார் நாள் காலையில் மாட்டோடு நடக்கிறவனைப் பார்த்தால் சனம் சும்மா விடுமா? பூசை முடிந்து வந்த ஒருத்தர், "என்னப்பா, பாலன் குடிலுக்கு மாடு போதாதாமோ?" என்று கேட்டார். நான் நிற்கவில்லை. நின்றால் முடக்கோடு திரும்பிவிடுவேன் என்று பயம்.

சூசை மச்சான் முற்றத்தில் வாங்கில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். படலைக்கு வெளியே நான் நின்றேன். அவர் மாட்டைப் பார்த்தார். அதன் தொடையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

நாகுவைப் படலைக்குக் கிட்ட இழுத்தேன்.

"குறி என்ர" என்றேன். "மாடு உங்கட."

அவர் கோப்பியை வைத்துவிட்டு எழும்பி வந்தார். படலையைத் திறக்கவில்லை. அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்ப தெரியும்?"

பிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். சனம் சொல்லித் தெரிந்தது என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்கு நுனியில் நின்றன.

"குறி சுடேக்கையே தெரியும்" என்றேன்.

நாகு தலையை நீட்டிப் படலைத் தடியை நக்கியது. பிறகு அவர் படலையைத் திறந்தார். கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்த கயிற்றைச் சுருட்டி என் கையில் தந்தார். தன் கொட்டிலில் இருந்து வேறு கயிறு எடுத்துவந்து கட்டினார். தொடையில் இருந்த தூண்டிலின் மேல் ஒரு தரம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

என் குறிக்கு மேல் கோடு கீறி அவர் குறியைச் சுடலாம், நான் வந்து மாட்டைப் பிடித்துத் தருகிறேன் என்றேன். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது.

"ஒருக்காச் சுட்டது போதும்" என்றார்.

நான் திரும்பி நடந்தேன். பத்தடி போயிருப்பேன். பின்னால் குரல் வந்தது.

"அவளைப் பிள்ளையோட மத்தியானம் சாப்பிட வரச் சொல்லும்." நான் திரும்பியதும் சொன்னார்: "நீர் ஆறுதலா வாரும்." ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல்; பிறகொரு நாளாகவும் இருக்கலாம்.

வீட்டுப் படலையில் ரெஜினா நின்றாள். வெறும் கயிற்றைப் பார்த்தாள். அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர் என்றேன். உலையில் போடக் கழுவி வைத்திருந்த அரிசியை வடித்துச் சுளகில் பரப்பினாள். பிறகு உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். கனநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கலியாணத்துக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்த சீலையை உடுத்திருந்தாள்.

டிலக்சி முன்னால் ஓடிவிட்டாள். ரெஜினா படலையைத் தாண்டியவள் திரும்பிப் பார்த்தாள். நான் விறாந்தைக் கதிரையில் இருந்தேன்.

"ஏன் இருக்கிறியள்?"

"என்னை ஆறுதலாத்தான் வரச் சொன்னவர்."

அவள் படலையை விரியத் திறந்து பிடித்தாள்.

"வர வேண்டாமெண்டு சொல்லேல்லைத்தானே" என்றாள். "எழும்புங்கோ. ஆறுதலா நடவுங்கோ."

அவள் விறுவிறென்று போனாள். நான் ஆறுதலாக நடந்தேன்.